ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழுக்கு எத்தனை வரி?

ஒன்றிய அலுவலகங்களில் இந்தி, ஆங்கிலப் பயன்பாட்டை வகுக்கும் ஆட்சிமொழி விதிகள், 1976இன் முதல் விதியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் இவ்விதிகள் பொருந்தும் என்கிறது அது. அப்போது நெருக்கடி நிலைக் காலம். இங்கே திமுக ஆட்சி கலைக்கப்பட்டு குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. எதிர்த்துக் கேட்க ஆளில்லாத அந்த ஆண்டிலும் தில்லி அந்த விலக்கை எழுதியது என்றால், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு பதினோரு ஆண்டுகள் கழித்தும் ஆறவில்லை என்றுதான் பொருள்.

இந்த ஒரு வரியை இரண்டு தரப்பும் தப்பாகவே மேற்கோள் காட்டுகின்றன. "ஆட்சிமொழிச் சட்டமே தமிழ்நாட்டில் செல்லாது" என்பது ஒரு பக்கம். "அப்படி எந்த விலக்கும் இல்லை, மேடைப் பேச்சு" என்பது இன்னொரு பக்கம். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிகள் சட்டம் தமிழ்நாட்டுக்கும் சேர்த்துத்தான். பொருந்தாதது அதன் கீழ் இயற்றப்பட்ட விதிகள் மட்டும்.

நடைமுறையில் இது என்ன வித்தியாசத்தைத் தருகிறது? விதிகள் நாட்டை மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கின்றன. உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான் போன்றவை 'க' வட்டாரம். குஜராத், மகாராஷ்டிரம், பஞ்சாப் முதலியவை 'ங' வட்டாரம் என்று வைத்துக்கொள்வோம். மீதி எல்லாம் மூன்றாவது. இந்தியில் வந்த கடிதத்துக்கு இந்தியிலேயே பதில் தர வேண்டும் என்பது விதி 5. கையேடு, படிவம், பதிவேட்டுத் தலைப்பு, பெயர்ப்பலகை எல்லாம் இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் இருக்க வேண்டும் என்பது விதி 11. இவற்றை நிறைவேற்றும் பொறுப்பு அலுவலகத் தலைவருக்கு என்பது விதி 12. இவை தமிழ்நாட்டிலுள்ள ஒன்றிய அரசு அலுவலகத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் நகர அளவிலான ஆட்சிமொழி அமலாக்கக் குழுக்கள் சென்னையிலும் கூடுகின்றன, இந்தி வாரம் கொண்டாடப்படுகிறது. அதெல்லாம் நிர்வாக ஆணைகளின் பேரில் நடப்பது. கேள்வி கேட்பவர் 'எந்த விதிப்படி' என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவது இதனால்தான்.

இந்த விலக்குக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. மூன்றாவது வட்டாரத்திலுள்ள மாநிலங்களுக்கோ அங்குள்ள தனிநபர்களுக்கோ ஒன்றிய அலுவலகம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்கிறது விதி 3. கேரளத்தில், கர்நாடகத்தில், மேற்கு வங்கத்தில் இருப்பவர் இந்தியில் கடிதம் வந்தால் அந்த விதியைச் சுட்டலாம். தமிழ்நாட்டில் இருப்பவரால் சுட்ட முடியாது. விதிகளே நமக்கில்லை அல்லவா, அதிலுள்ள பாதுகாப்பும் நமக்கில்லை. 2020இல் மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு உள்துறை இணையமைச்சரிடமிருந்து இந்தியில் பதில் வந்தபோது வழக்குத்தான் போட வேண்டியிருந்தது. 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, ஆங்கிலத்தில் மனு வந்தால் ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்று தமிழ்நாட்டில் இந்திக் கடிதம் பெறுகிற எவரும் முதலில் காட்ட வேண்டிய காகிதம் அந்தத் தீர்ப்பு.

பூட்டு எங்கே இருக்கிறது

அரசமைப்புச் சட்டத்தின் 343ஆவது பிரிவு தேவநாகரி எழுத்திலான இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி ஆக்கியது. தேசிய மொழி என்று அந்தச் சட்டத்தில் எந்த மொழியும் குறிக்கப்படவில்லை. 2010இல் குஜராத் உயர்நீதிமன்றமே அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று சொல்லிவிட்டது, அதோடு விடலாம். ஆங்கிலத்துக்கு 15 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அது முடிந்த நாள் 1965 ஜனவரி 26.

அந்தத் தேதிக்கு முன்பே, 1963இல், ஆங்கிலம் தொடர வழி செய்யும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதன் வாசகம் உறுதியாக இல்லை. போராட்டம், துப்பாக்கிச்சூடு, தீக்குளிப்புகள், ஒன்றிய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தது, பிரதமர் சாஸ்திரியின் வானொலி உறுதிமொழி, 1967இல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சி இழந்தது எல்லாம் ஆன பிறகுதான் திருத்தம் வந்தது. 1968 ஜனவரியில் நடப்புக்கு வந்த அந்தத் திருத்தத்தின் உயிர் பிரிவு 3(5).

அது சொல்வது இது: ஆங்கிலப் பயன்பாட்டை நிறுத்த வேண்டுமானால், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டும். எல்லா மாநிலங்களும் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு நாளைக்கே மனம் மாறினாலும், ஆங்கிலத்தையே ஆட்சிமொழியாக வைத்திருக்கும் நாகாலாந்து ஒன்று மறுத்தால் போதும், பூட்டு திறக்காது.

இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, இது நாடாளுமன்றச் சட்டம், அரசமைப்புச் சட்டம் அல்ல. 3(5)ஐயே நீக்க சாதாரணப் பெரும்பான்மை போதும். அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று திமுக அன்று கேட்டதன் காரணம் இதுதான். இரண்டாவது, பூட்டு ஆங்கிலத்தை வெளியேற்றுவதைத்தான் தடுக்கிறது, இந்தியைக் கூட்டுவதைத் தடுக்கவில்லை. பிரிவு 3(3)ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள், செய்திக் குறிப்புகள், ஒப்பந்தங்கள், உரிமங்கள், டெண்டர் அறிவிப்புகள் இரண்டு மொழியிலும் கட்டாயம் வெளியாக வேண்டும். இது தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். ஒன்றிய அலுவலகம் இந்தியிலும் டெண்டர் விடுகிறது என்று புகார் எழுதினால் அது நிற்காது. இந்தியில் மட்டும் விட்டால் நிற்கும்.

இதில் தமிழ் எங்கே? எங்கும் இல்லை. 1965இல் தமிழ்நாடு உயிர் கொடுத்து வாங்கியது ஆங்கிலத்துக்கான பாதுகாப்பு. அது தேவையாக இருந்தது, இன்றும் தேவை. ஆனால் அதைத் தமிழுக்கான பாதுகாப்பு என்று எண்ணிக்கொண்டு அறுபது ஆண்டுகள் ஓட்டிவிட்டோம். எட்டாம் அட்டவணையில் பெயர் இருக்கிறதே என்றால், அந்த அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் அதனால் மட்டும் எந்த அலுவலகத்திலும் நுழைவு கிடைத்துவிடுவதில்லை.

தமிழில் மனு எழுதினால்

ஒன்றிய அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுத ஒரு குடிமகனுக்கு இருக்கும் பிடி, அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு. குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றிய அதிகாரிக்கு ஒன்றியத்தில் வழங்கும் எந்த மொழியிலும், மாநில அதிகாரிக்கு அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம். வருங்கால வைப்பு நிதி அலுவலகம், அஞ்சல் துறை, வருமான வரித்துறை எதுவாயினும் சரி, "தமிழில் இருப்பதால் பெற முடியாது" என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்ப எவருக்கும் அதிகாரம் இல்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. கொடுக்கும் உரிமையைத்தான் 350 தருகிறது. எந்த மொழியில் பதில் என்பதில் அது வாய் திறக்கவில்லை. தமிழ் மனு மொழிபெயர்ப்புக்கென்று ஒரு மேசைக்குப் போய் அங்கேயே படுத்துவிடுவதும் உண்டு. எனவே மனுவின் முதல் பக்கத்தில் பொருள், கணக்கு எண் அல்லது கோப்பு எண், தேதி, கேட்கும் நிவாரணம் ஆகியவற்றைத் தனித்தனி வரியில் எழுதிவிடுவது நல்லது. எண்களும் தேதிகளும் எந்த மொழிக்காரருக்கும் புரியும். '350ஆவது பிரிவின்படி அளிக்கப்படும் மனு' என்று தலைப்பில் ஒரு வரி. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும், அஞ்சலில் என்றால் ஒப்புகைச் சீட்டு. அவசரமான காரியம் என்றால் ஆங்கிலத்தில் நாலு வரிச் சுருக்கம் இணைப்பதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. கொள்கைக்காக ஓய்வூதியத்தை மூன்று மாதம் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தகவல் உரிமைச் சட்டம் இதைவிட வலுவானது. அதன் பிரிவு 6(1), விண்ணப்பம் எந்தப் பகுதியிலிருந்து அளிக்கப்படுகிறதோ அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் எழுதலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சென்னையிலிருந்து தில்லி அமைச்சகத்துக்குத் தமிழில் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். மும்பையில் குடியிருக்கும் தமிழர் அங்கிருந்து கேட்டால் இந்தப் பிரிவின்படி ஆங்கிலமும் இந்தியும் போக அவருக்கு மராத்திதான், தமிழ் இல்லை. பலர் ஏமாறுவது வேறு ஒன்றில். தமிழில் கேட்டதால் ஆவணமும் தமிழில் வரும் என்று நினைக்கிறார்கள். ஆவணம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே நகல் வரும். மொழிபெயர்த்துத் தரச் சொல்லி மேல்முறையீடு செய்வது பெரும்பாலும் வீண்.

வங்கிகளைப் பொறுத்தவரை ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையே போதும். கணக்குத் தொடங்கும் படிவம், பணம் கட்டும் சீட்டு, பாஸ்புக் போன்றவை ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும். கிளையில் தமிழ்ப் படிவம் இல்லை என்றால் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் தீர்வு வரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வாய்ச்சண்டை போட்டுக் காணொளி எடுத்து ஏற்றுவதைவிட இது மெதுவானது. ஆனால் காணொளியால் அந்த ஊழியர் மாற்றலாகிப் போவார், படிவம் வராது.

நீதிமன்றம்

கீழமை நீதிமன்றத்தின் மொழியை மாநில அரசு தீர்மானிக்கலாம். தமிழ்நாட்டில் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அங்கே தமிழ் வந்தது. உயர்நீதிமன்றத்தில் நிலைமை வேறு. 348ஆவது பிரிவின்படி அங்கே ஆங்கிலம்தான். ஆளுநர், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு, வாதங்களுக்கு மாநில மொழியை அனுமதிக்கலாம். தீர்ப்பை அம்மொழியில் எழுத 1963 சட்டத்தின் பிரிவு 7 தனியாக வேண்டும், அப்போதும் ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே வர வேண்டும். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கும் இப்படி இந்திக்கு அனுமதி பெற்றுவிட்டன. தமிழ்நாடு 2006இல் கேட்டது. கிடைக்கவில்லை.

ஏன்? 1965 மே மாதம் அமைச்சரவைக் குழு எடுத்த ஒரு முடிவு. உயர்நீதிமன்ற மொழி மாற்றத்துக்கு இந்தியத் தலைமை நீதிபதியின் இசைவு வேண்டும் என்று அன்று முடிவானது. அரசமைப்புச் சட்டத்தில் இந்த நிபந்தனை கிடையாது. தமிழ்நாடு, கர்நாடகம், மேற்கு வங்கம், குஜராத், சத்தீஸ்கர் ஆகியவற்றின் கோரிக்கைகள் அந்த வழியில் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2012 அக்டோபரில் நீதிபதிகளின் முழுக்கூட்டம் ஏற்க மறுத்துவிட்டது. 348ஐத் திருத்தச் சொல்லிப் பேசுகிறவர்கள் முதலில் அந்த அமைச்சரவை முடிவை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு நாடாளுமன்றம்கூடத் தேவையில்லை.

இதன் விலையை வழக்காடும் கட்சிக்காரர் கொடுக்கிறார். முன்சீப் கோர்ட்டில் தமிழில் நடந்த சாட்சியம், தமிழில் எழுதிய தீர்ப்பு, பட்டா, உயில், கிரயப் பத்திரம் எல்லாம் மேல்முறையீட்டில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும். 'அனுபோகம்' (பயன்படுத்தி அனுபவிப்பது), 'சுவாதீனம்' (கைவசம் வைத்திருப்பது) போன்ற சொற்களை அவசரத்தில் ஒரே ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிட்டால் வழக்கின் போக்கே திரும்பிவிடும்.

சட்டம் இல்லாத இடத்தில்தான் சண்டை

இன்றைய உரசல்கள் பெரும்பாலும் மேலே சொன்ன எந்தப் பிரிவிலும் இல்லை. தேர்வு அறிவிக்கையிலும் நிதி ஒப்பந்தத்திலும் இருக்கின்றன.

மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு நெடுங்காலம் இந்தி, ஆங்கிலம் இரண்டில் மட்டுமே நடந்தது. 2024இலிருந்துதான் தமிழ் உட்பட 13 வட்டார மொழிகள் சேர்ந்தன. இந்தி பேசும் இளைஞர் தாய்மொழியில் எழுத, மற்றவர் அந்நிய மொழியில் எழுதிய தேர்வு அது. ஒரு நிர்வாக முடிவு அதை உண்டாக்கியது, இன்னொரு நிர்வாக முடிவு மாற்றியது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஆனால் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் அச்சாகிறது. கேள்வியை ஒரு மொழியில் வாங்கி விடையை இன்னொரு மொழியில் எழுதும் வேலை தமிழ் போன்ற பிற மொழிகளில் எழுதும் மாணவருக்கு மட்டும் கூடுதல்.

வினாத்தாளைத் தமிழில் தந்துவிட்டாலும் தீர்ந்துவிடாது என்பதற்கு 2018 நீட் சாட்சி. தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தரச் சொன்னது மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் முதலில் தடை விதித்தது, பின்னர் அந்த ஆணையையே ரத்து செய்தது. சந்தேகம் வந்தால் ஆங்கில வினாவே இறுதி என்ற குறிப்பு வினாத்தாளிலேயே இருந்தது. தமிழில் எழுதப் போகிற மாணவர் ஆங்கிலப் பாடச் சொற்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய நிலை இதனால்தான். இருமொழி வினாத்தாளில் இரண்டு வடிவத்தையும் படித்துப் பார்க்காமல் விடை குறிப்பது ஆபத்து.

பள்ளிக்கு வருவோம். மும்மொழித் திட்டத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவும் கிடையாது. 1968 கல்விக் கொள்கையிலும் 2020 கல்விக் கொள்கையிலும் இருப்பவை பரிந்துரைகள். 1968 ஜனவரி 23இல் சட்டமன்றத்தில் அண்ணா கொண்டுவந்த தீர்மானத்தின்படி தமிழ்நாடு இருமொழியில் நிற்கிறது. 2020 கொள்கை எந்த மொழியையும் திணிக்கவில்லை, மூன்றில் இரண்டு இந்திய மொழியாக இருந்தால் போதும் என்கிறது. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. மூன்றாவது மொழிக்கு ஆசிரியர் எந்த மொழியில் எளிதாகக் கிடைப்பார் என்று யோசித்தால் அந்த நியாயம் கரைந்துவிடும். கொள்கைக்குச் சட்டபலம் இல்லாததால் நெருக்கடி நிதி வழியாக வந்தது. ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் 2024-25க்கான நிதியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டு, விவகாரம் 2025இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தில் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போனபோது போடப்பட்ட அடித்தளம் இது.

தமிழ்நாடு மட்டும்தான் முரண்டு பிடிக்கிறது என்ற பேச்சை 2025இல் மகாராஷ்டிரம் அடக்கியது. முதல் வகுப்பிலிருந்து இந்தியை மூன்றாம் மொழியாக்கிய அரசாணைகளை அங்கே ஜூன் மாத இறுதியில் திரும்பப் பெற்றார்கள். ஆட்சியில் இருந்தது பாஜக கூட்டணி.

நம்மவர் பெரும்பான்மையாக இருக்கும்போது

மாநிலத்தின் ஆட்சிமொழியைத் தீர்மானிக்க 345ஆவது பிரிவு சட்டமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தில்லியிடம் சிறுபான்மையாக நின்று பேசும் மொழி, தன் மாநிலத்துக்குள் பெரும்பான்மையாகும்போது அதே தவறுகளைச் செய்கிறது. 1960இல் அசாம் அசாமியத்தை ஒற்றை ஆட்சிமொழியாக்கியது. 1961 மே 19 அன்று சில்சரில் வங்காளி மொழிப் போராட்டத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பிறகே கச்சார் மாவட்டத்துக்கு வங்காளம் அனுமதிக்கப்பட்டது.

பெயர்ப்பலகை இதன் சிறிய வடிவம். தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழிக்கு 5:3:2 என்ற விகிதம், கர்நாடகத்தில் 2024 திருத்தப்படி 60 விழுக்காடு கன்னடம். பரப்பளவா எழுத்தின் உயரமா என்பதில்தான் கடைக்காரரும் ஆய்வாளரும் முட்டிக்கொள்கிறார்கள். பலகை அடிக்கும் முன்பே அளவு போட்ட வரைபடத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது.

நமக்கு நேரடியாகப் பயன்படுவது கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. 350ஆவது பிரிவில் விடுபட்டுப் போன பாதியை ஒரு மாநிலம் எழுதிக் காட்டியிருக்கிறது. தில்லியிடம் கேட்க வேண்டிய வாசகமும், தமிழ்நாட்டிலுள்ள தெலுங்கு, கன்னட, உருது, மலையாளக்காரர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய வாசகமும் அதுவே என்பது என் கருத்து.

சிறுபான்மை மொழிக் கல்விக்கு நாடு முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு கணக்கு உண்டு. தொடக்கப் பள்ளி ஒன்றில் ஒரு மொழிக்காரப் பிள்ளைகள் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால் அந்த மொழியில் கற்பிக்க ஆசிரியர் தர வேண்டும். மக்கள்தொகையில் 15 விழுக்காடு இருந்தால் அரசு அறிவிப்புகளும் அம்மொழியில் வர வேண்டும். கோலார் தங்கவயலிலோ தேவிகுளத்திலோ தமிழ் வகுப்பு கேட்கும் பெற்றோர், பிள்ளைகளின் பெயர், வகுப்பு, வீட்டு மொழி ஆகியவற்றோடு கையெழுத்துப் பட்டியல் தயாரித்து, சேர்க்கை தொடங்கும் முன்பே தலைமையாசிரியரிடமும் கல்வி அலுவலரிடமும் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். சேர்க்கை முடிந்த பிறகு போனால் "இந்த ஆண்டு பணியிடம் இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். மறுத்தால் 350ஆ (350B) பிரிவின் பெயரில் மொழிச் சிறுபான்மையினர் ஆணையருக்கு எழுதலாம். 40, 10 என்பவை முதலமைச்சர்களும் கல்வி அமைச்சர்களும் ஒப்புக்கொண்ட ஏற்பாடுகள், சட்டப்பிரிவுகள் அல்ல. ஆணையரும் உத்தரவு போட முடியாது, மாநிலத்திடம் விளக்கம் கேட்டு குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தருவார். அந்த அறிக்கையில் ஊர் பெயரோடு இடம்பெற்ற புகாரை வைத்து உயர்நீதிமன்றம் போவது, வெறுங்கையோடு போவதைவிட மேல்.